மறைந்த ஒரு தொகுதியின் விருத்தாந்தம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சட்டசபைக்கு நாம் அனுப்பிய ஒருவர் சொன்ன சொல்லைக் காவாவிடின், அடுத்த தேர்தல் வரையில் நாம் வாளாவிருக்கத்தான் வேண்டுமோ? கனடா தேசத்தில் ஒரு நாட்டுப்புறத் தொகுதியார் இக்கேள்வியைக் கேட்டு, என்ன விடை பெற்றனர் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

அத்தேசத்தின் மேற்கே ஆல்பர்ட்டா என்னும் மாகாணம் உளது. கால்கரி நகருக்குத் தெற்கே, ராக்கி மலைச்சாரலை அடுத்து, கோதுமை வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த பிரதேசத்தில் ஓகடோக்ஸ், ஹை ரிவர் என இரண்டு சிற்றூர்கள். அவற்றின் பெயரால் தனித்தனியே இருந்த தொகுதிகள் 1930-ஆம் வருஷத்தில் ஒன்றாக்கப்பட்டன. ஓகடோக்ஸுக்கு 1909 முதல் பிரதிநிதியாயிருந்து, விவசாய மந்திரியாயும் விளங்கியவர் ஜார்ஜ் ஹோட்லி.

1935 ஆகஸ்டு 22-ந் தேதி தேர்தல் வந்தது. மழையின்மையும் கடனும் குடியானவர்களை வாட்டிய காலம். கால்கரியில் பள்ளித் தலைமையாசிரியராயும், ரேடியோவில் வேதப் பிரசங்கியாயும் பெயர் பெற்ற வில்லியம் ஏபர்ஹார்ட் என்பார், வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் கிடைக்க வழி செய்வதாக வாக்களித்தார். அவரது சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 63 ஸ்தானங்களில் 56 கிடைத்தன. ஹோட்லியும் தோற்றார். ஆனால் ஏபர்ஹார்ட் தாம் எங்கும் நிற்கவில்லை! பிரதம மந்திரிக்குச் சபையில் ஸ்தானம் வேண்டுமன்றோ? ஹோட்லியை வென்ற வில்லியம் மாரிஸன் ராஜிநாமாச் செய்து வழிவிட்டார். நவம்பரில் ஏபர்ஹார்ட் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே அத்தொகுதியில் ஒருவரேனும் அவர் பெயருக்கு வோட்டளித்ததில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1936-இல் அவர் அரசாங்கமே ஒரு சட்டம் இயற்றிற்று. தொகுதி வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டு மனுச் செய்துகொண்டால், அங்கத்தினர் ஸ்தானத்தை இழப்பார். மாதம் 25 டாலரோ வந்தபாடில்லை. 1937-இல் சட்டஞ் செய்தவர் மீதே மனு கிளம்பிற்று. மூன்றில் இரண்டு பங்கென்பது எளிய காரியமன்று. பண்ணைகள் ஒன்றுக்கொன்று தூரமாய்ச் சிதறிக் கிடக்கும் நாடு. இரகசிய வோட்டைப் போலன்றி, கையொப்பமோ பெயரைக் காட்டிக்கொடுக்கும். அப்படியிருந்தும் மக்கள் துணிந்து கையொப்பமிட்டனர்.

வேண்டிய தொகை எட்டும் சமயத்தில், அவ்வருஷம் அக்டோபரில், சட்டசபை அச்சட்டத்தையே ரத்துச் செய்தது. அதுவும், இயற்றிய நாள் முதலே அது இல்லாததாகக் கருதும்படி! எண்ணெய்க் கம்பெனிகள் தம் தொழிலாளரைப் பயமுறுத்திக் கையொப்பம் வாங்கினவென்று ஆளுங் கட்சியார் காரணங் கூறினர். அங்ஙனமாயின் அக்கையொப்பங்களை விசாரித்துத் தள்ளியிருக்கலாம். தானாக மனமுவந்து பெயரெழுதிய குடியானவனுடையதையும் சேர்த்து அழித்தது நியாயமன்றென்பதே என் அபிப்பிராயம்.

1940-இல் ஏபர்ஹார்ட் அத்தொகுதியில் நிற்கவில்லை. கால்கரியில் நின்று வென்றார். 1943-இல் காலமானார். தொகுதியும் 1971-இல் எடுபட்டு, அப்பிரதேசத்தில் ஹைவுட் என்னும் புதுத் தொகுதி ஏற்பட்டது. அங்கத்தினரைத் திரும்ப அழைக்கும் சட்டமொன்றை ஆல்பர்ட்டா சட்டசபை மறுபடி இயற்றியது 2021-இல்தான்.