தொட்டறியும் தேசப்படம்

காரைக்குடியில் நான் பூகோளம் கற்பித்த நாளில், சுவரில் தொங்கிய படத்தைக் கோலால் சுட்டி, "இதோ வைகை" என்றேன். "எங்கே, ஐயா?" என்று வினவினான் பார்வையற்ற மாணவன் ஒருவன். விடையின்றி நின்றேன்.

மறுநாள் அட்டையில் நூலை ஒட்டி ஆற்றை அமைத்தேன், கடலுக்கு மணற்காகிதம். அவன் விரல் மதுரை, மானாமதுரை, பரமக்குடி என நகர்ந்து கடலைத் தொட்டது. முகம் மலர்ந்தது. ஆனால் அது ஒரே படம். ஏனையோருக்குப் பிரதி வேண்டாவா?

லூயி பிரெயில் 1824-இல், தம் 15-ஆம் வயதில், ஆறு புள்ளிகளால் எழுத்து வகுத்தார். கையால் குத்தி எழுதினால் ஒரு பிரதியே கிட்டும். எனவே உலோகத் தகட்டில் புள்ளிகளைப் புடைப்பித்து, அதில் தாளை அழுத்திப் பல பிரதிகள் எடுத்தனர். டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் 1951-இல் தோன்றியது.

படத்திற்கோ வேறு வழி. மூலப்படத்தின்மேல் பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, வெம்மையூட்டி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், நூலின் மேடும் மணலின் சொரசொரப்பும் அதில் பதிந்துவிடும். இன்று கணிப்பொறியுடன் இணைந்த எந்திரங்களும் புள்ளிகளைப் புடைப்பிக்கின்றன.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். விழி ஒரே நோக்கில் காண்பதை விரல் சிறிது சிறிதாகவே அறியும். ஆதலால் வேண்டாத கோடுகளை முதலில் நீக்குங்கள். பிறகு, படிக்கப்போகிறவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் விரல் தடுமாறினால், பிழை படத்தினுடையது, விரலினுடையது அன்று.