கடன் மட்டும் போதுமா?

(இரணியலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரணியல் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவில் எழுவது வேணாட்டு மன்னர்களின் பழைய அரண்மனை. உள்ளூராராகிய உங்களுக்கு நினைவில் எழுவது தறியின் ஓசை. மன்னர் உடுத்ததும் நெய்தவன் கொடுத்ததே. மன்னர்கள் போய்விட்டனர். நெய்தவன் வீட்டு வாசலில் நிற்கும் வட்டிக்காரர் மட்டும் இன்னும் போகவில்லை! அவரைப்பற்றியும், அவரிடமிருந்து ஏழைக் குடும்பங்களை மீட்பதாகக் கூறி வருவோரைப்பற்றியுமே இன்று பேச விழைகிறேன்.

ஊருக்குள் ஒரு தொண்டு நிறுவனம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களை அழைத்துத் தையல் கற்றுத் தருகிறது. சிறுதொழில் தொடங்கப் பத்தாயிரம் ரூபாய் கடனும் தருகிறது. இதனை எப்படி மதிப்பிடுவது என்று தோழர்கள் கேட்கின்றனர். “மக்களின் உரிமை உணர்வை மழுங்கச் செய்யும் சூழ்ச்சி இது” என்கிறார் ஒருவர். “அரசு செய்யத் தவறியதை அவர்களாவது செய்கிறார்களே, வாழ்த்துவோம்” என்கிறார் மற்றவர். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்னர்ச் சாட்சிகளை விசாரிக்க வேண்டாமா? சாட்சிக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டமே சாட்சி சொல்லும்.

முதற்சாட்சி, நாகர்கோவில் ரேந்தை. 1819-இல் சார்லஸ் மால்ட் என்னும் பாதிரியாரும் அவர் துணைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தனர். 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா அம்மையார் பெண்களுக்கு எழுத்தைக் கற்பித்தார். கூடவே ரேந்தை பின்னவும் கற்பித்தார். தலையணைமேல் ஊசிகளை நிறுத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுட்பமான வேலை அது. அன்றைய திருவிதாங்கூர் எப்படிப்பட்ட நாடு? மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய நாடு. அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டும் உதைபட்டும் போராடி, 1859-இல் ஓரளவு உரிமை பெற்ற நாடும் அதுவே.

அந்த நாட்டில், ரேந்தை பின்னிய அடிமைப் பெண்கள் சிலர், தாம் ஈட்டிய கூலியைச் சேர்த்து, அதையே விலையாகக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர்! நண்பரே, இந்த வரியைச் சற்று நின்று படியுங்கள். பிறர் இரங்கி விடுவித்த விடுதலை அன்று அது. தம் விரல்களால் ஈட்டிய விடுதலை. அடிமைத்தளை அறுபடச் சட்டம் வருவதற்கு முன்னரே, ஒரு கைத்தொழில் சில பெண்களின் தளையை அறுத்தது. கைத்தொழிற் பயிற்சியை ஏளனம் செய்யும் தோழர் இதற்கு என்ன விடை கூறுவார்?

ஆயின், வாழ்த்திவிட்டுப் போகலாம் என்பவரிடமும் ஒரு கேள்வி உண்டு. கிறித்துவச் சபையினர் 19-ஆம் நூற்றாண்டில் ரேந்தைக் கலையை ஆந்திரத்து நரசாபுரம் பகுதிக்கும் கொண்டு சென்றனர். அங்கே நிகழ்ந்ததை மரியா மீஸ் என்னும் செருமானிய அறிஞர் ஆராய்ந்து 1982-இல் நூலாக வெளியிட்டார். பெண்கள் வீட்டுக்குள் அமர்ந்து பின்னினர். பின்னியது கடல் கடந்து சென்று விற்றது. வணிகர் செல்வர் ஆயினர். பின்னியவளோ வறியவளாகவே இருந்தாள். “வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்யும் வேலைதானே” என்று அவள் உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படவில்லை. இங்கும் ரேந்தை, அங்கும் ரேந்தை! வேறுபாடு எங்கே? விலை சொல்லும் வாய் எவருடையது என்பதில் இருக்கிறது. பயிற்சி கையைத் திறமையாக்கும். அந்தக் கைக்கு உரிய விலையை அதனால் மட்டும் வாங்கித் தர இயலாது.

இரண்டாம் சாட்சி, நம் கடற்கரை. இரணியலிலிருந்து தெற்கே நடந்தால் குளச்சலும் முட்டமும் வந்துவிடும். அங்கே மீனவன் வலைக்கும் மரத்துக்கும் வணிகரிடம் முன்பணம் வாங்கினான். முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும்; அவர் சொன்னதே விலை. கடன் கழுத்தில் கிடந்தவரை, கடலில் பிடித்த மீன் கரையில் அவனுக்குச் சொந்தமாக இல்லை. 1970-களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு மீனவர்கள் ஊர்தோறும் சங்கம் அமைத்தனர். 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று.

சங்கம் என்ன செய்தது? மீனைச் சங்கமே ஏலம் விட்டது. விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கும், ஒரு சிறு பங்கைச் சேமிப்புக்கும், இன்னொரு சிறு பங்கைச் சங்கச் செலவுக்கும் பிடித்துக்கொண்டு, எஞ்சியதை மீனவன் கையில் கொடுத்தது. இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். தவணை என்பது பிடித்த மீனில் ஒரு பங்கு. மீன் மிகுந்தால் தவணை மிகும். கடல் கொந்தளித்து மரம் இறங்காத நாளில் தவணையும் இல்லை! கடன் தொழிலுக்குக் கட்டுப்பட்டது. தொழில் கடனுக்குக் கட்டுப்படவில்லை.

இதனை இரணியல் தறியோடு பொருத்திப் பாருங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை பிடித்தால் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்க இயலாது. குழித்தறியில் ஈரம் ஏறும். தறி நிற்கும். வாரத்தவணை நிற்குமா? நிற்காது! செவ்வாய்க்கிழமை காலையில் வசூலிப்பவர் வந்து திண்ணையில் அமர்வார். அவரை அனுப்ப இன்னொருவரிடம் கடன். அந்த இன்னொருவருக்காக மூன்றாமவரிடம் கடன். சோம்பலால் அழிந்த குடும்பங்களைவிட, தொழிலின் பருவம் அறியாத தவணையால் அழிந்த குடும்பங்களே மிகுதி என்பேன்.

மூன்றாம் சாட்சி, நம் காலத்துச் சிறுகடன். வங்கதேசத்தில் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-இல் சோப்ரா என்னும் சிற்றூரில் 42 பேருக்குத் தம் பையிலிருந்து 27 டாலர் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983-இல் கிராமின் வங்கி ஆயிற்று. 2006-இல் நோபல் பரிசும் பெற்றது. தமிழகத்தில் 1989-இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசின் துணையோடு தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை நாடு முழுவதும் வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வங்கியின் படியை மிதித்திராத தாய், கணக்குப் புத்தகத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வங்கி மேலாளர்முன் அமர்ந்தாள். இதன் பெருமையை எவரும் மறைக்க முடியாது.

ஆனால், ஏழைப்பெண் தவறாமல் கடனைத் திருப்பித் தருவாள் என்ற செய்தி முதலாளிகளின் காதுக்கும் எட்டியது! தருமமாகப் பிறந்தது வாணிபமாக வளர்ந்தது. ஒருத்தி தவணை தவறினால் குழுவினர் அனைவரும் பொறுப்பு என்றனர். தோழமைக்காக அமைந்த குழு, ஒருவரையொருவர் நெருக்கும் கூட்டமாயிற்று. 2010-இல் ஆந்திரத்தில் தற்கொலைச் செய்திகள் வந்து குவிந்த பின்னர், அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச்சட்டம் வந்தது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது.

சட்டம் இருக்கிறது. அதனை எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறதா? இயக்க ஊழியர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டியவை சில உள. ஏழைக் குடும்பத்துக்கான சிறுகடன்பற்றி 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்த நெறிப்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துச் செலுத்தும் மாதத்தவணை, அதன் மாத வருவாயில் பாதியைத் தாண்டலாகாது. ஈடு கேட்கலாகாது. வட்டியும் கட்டணமும் அடங்கிய விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். அச்சுறுத்தலும் இழிசொல்லும் கூடா.

கணக்கையும் கற்றுக் கொடுங்கள். பத்தாயிரம் கடன் என்று சொல்லி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருகிறார் ஒருவர். நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் கட்ட வேண்டும். “ஆயிரந்தானே வட்டி” என்று நம் தாய் எண்ணுகிறாள். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துவருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டி! இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுவது பெரும்படிப்பு வேண்டும் வேலையா? ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மேடையில் ஏழைக்காகக் குரல் கொடுத்துவிட்டு, வீட்டில் நாள்வட்டி ஏடு வைத்திருப்பவர் நம்முள் எவருமே இல்லையா? குழுக் கடனுக்குப் பரிந்துரை செய்து, அதில் தமக்கு ஒரு பங்கு கேட்பவர் இல்லையா? இருந்தால், எதிரியைத் தேடி நாம் எங்கும் செல்ல வேண்டாம். தொண்டு நிறுவனத்தைக் குறை கூறும் தகுதி, ஏழையின் தவணையில் கை வைக்காதவனுக்கே உண்டு.

ஆகவே, நம் ஊருக்கு உதவி என்று எவர் வந்தாலும், வரவேற்று அமரவைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கற்றுத் தரும் தொழிலில் விளையும் பொருளை எங்கே, எவர் விலை சொல்லி விற்பர்? மழைக்காலத்தில் தவணை என்னவாகும்? நீங்கள் போன பின்னர்க் கணக்கேடு எவர் கையில் இருக்கும்? மூன்றுக்கும் “உழைக்கும் மக்களின் சங்கம்” என்னும் விடையை நோக்கி அவர்கள் நடப்பார்களாயின், அவர்களோடு தோள் கொடுத்து உழையுங்கள். விடை இல்லையேல், சங்கத்தை நாமே அமைப்போம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவ்விதழ் வருவதற்குள், உங்கள் தெருவில் ஒரே ஒரு தாயின் கடன் ஏட்டை அவளோடு அமர்ந்து படியுங்கள். எவ்வளவு வாங்கினாள், எவ்வளவு கட்டினாள், இன்னும் எவ்வளவு என்று அவள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். எழுதத் தெரியாவிடில் எழுதக் கற்றுக் கொடுங்கள். ரேந்தை பின்னித் தன்னை மீட்டுக்கொண்ட பெண்ணின் மண் இது. அவள் பேத்திகளை வட்டி ஏட்டில் விட்டுவைக்கலாகாது.