செவியில் ஒரு துணைவர்



1983ஆம் ஆண்டில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்தினேன். கடைசி வரிசையில் எங்கள் விரிவுரையாளர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார். பின்னத்தைப் பற்றி ஒரு சிறுவனை வினவினேன். அவன் எழுந்து, கூரையை நோக்கியபடி உதடுகளை அசைத்தான். எனக்குப் பொறுமை இல்லை. “உட்கார், அடுத்தவன் சொல்லட்டும்” என்றேன். மூன்று நாள் கழித்துக் குறிப்பேடு என் கைக்கு வந்தது. “அவன் விடையை நெருங்கியிருந்தான், நீர் காத்திருக்கவில்லை” என்று அதில் எழுதியிருந்தது. அதற்குள் அச்சிறுவன் கை உயர்த்துவதையே விட்டுவிட்டான்.

திருத்தம் சரியானதே; ஆனால் காலம் தாழ்ந்து வந்தது. இக்குறைக்கு அமெரிக்க நாட்டில் ஒரு வழி கண்டனர். 1952இல் கோர்னர், பிரவுன் என்னும் இருவர், உளவியல் பயில்வோரின் காதில் சிறு ஒலிக்கருவியைப் பொருத்தி, அப்போதைக்கப்போது அறிவுரை கூறும் முறையை எழுதி வெளியிட்டனர். ‘இயந்திர மூன்றாம் செவி’ என்று அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அம்முறை ஆசிரியப் பயிற்சிக்கும் வந்தது. இணையம் பரவியபின், தொலைவிலிருந்தே வகுப்பைக் கண்டு ஆசிரியரின் காதில் பேசும் முறையை மார்சியா ராக் என்பவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர்.

அக்குரல் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. “காத்திருங்கள்”, “நன்று, ஏன் என்று கேளுங்கள்” என இரண்டொரு சொற்களே. அவை மாணவர் செவிக்கு எட்டா. “காத்திருங்கள்” என்ற ஒரு சொல்லின் பயனைப் பாருங்கள். வினா எழுப்பியபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடியளவே பொறுக்கின்றனர் என்று மேரி பட் ரோ என்னும் அறிஞர் கண்டார். மூன்று வினாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன. தயங்குவோரும் வாய் திறக்கின்றனர்.

ஆசிரியர் பொம்மலாட்டப் பாவையாகிவிட மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான ஐயமே. காதில் ஓயாது பேசினால் பாடம் தடுமாறும். குற்றம் காணும் அதிகாரியின் குரலாக ஒலித்தால் அச்சமே மிஞ்சும். ஆகவே ஆசிரியர் மனம் இசைய வேண்டும். எத்திறனைப் பழகுவது என்று இருவரும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். கிணற்றில் நீந்தப் பழகுவோருக்குச் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்குவார்கள்; கைகால் பழகியதும் அவிழ்த்துவிடுவார்கள். இக்கருவியும் அத்தகையதே.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். கருவி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வினாக் கேட்டபின் மனத்துள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். அச்சிறுவனுக்கு நான் கொடுக்கத் தவறியவை அந்த மூன்று வினாடிகளே.