நியூயார்க் நகரின் மேல் ஒரு பலூன்

(படிப்பகத்தின் மாதாந்திர இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்ததும் ஓர் இளம் தோழர் என்னிடம் ஒரு கேள்வி போட்டார். "பின்நவீனத்துவக் கதை என்கிறார்களே, அதில் எப்போது பார்த்தாலும் தனிமை, தனிமை என்ற புலம்பல்தானே? பாடுபடுகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆகவே அப்படிப்பட்ட கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து, கல்லூரியில் படிக்கும் தோழர் ஒருவரின் உதவியோடு நாலு இரவு உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

கதையின் பெயர் 'பலூன்'. எழுதியவர் டொனால்டு பார்தெல்மே என்ற அமெரிக்கர். 1931-ல் பிறந்து 1989-ல் மறைந்தவர். 1966-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் இக்கதை வெளிவந்தது.

கதை இதுதான். ஓர் இரவு, ஊர் உறங்கும் நேரத்தில், நியூயார்க்கின் 14-வது தெருவில் தொடங்கி ஒரு பலூன் ஊதப்படுகிறது. விடிவதற்குள் அது வடக்கே பூங்கா வரை பரவிவிடுகிறது. 45 தெருக்களின் மேல் பந்தல் போட்டது போலக் கிடக்கிறது. சாம்பலும் பழுப்புமான நிறம். ஊதச் சொன்னவன் கதை சொல்பவனே. ஏன் ஊதினான் என்பதை அவன் சொல்லவில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? முதலில், இதற்கு என்ன அர்த்தம் என்று விவாதித்தார்கள். பிறகு அந்தப் பேச்சு ஓய்ந்தது. பிள்ளைகள் மேலே ஏறிக் குதித்தார்கள். பெரியவர்கள் அதன் மேடு பள்ளங்களில் உலாவினார்கள். சிலர் பச்சை, நீலக் காகித விளக்குகளை அதன் அடியில் தொங்கவிட்டார்கள். பலூன் தாழ்ந்து கிட்டத்தட்ட நடைபாதை வரை வருகிற இடத்தில் சந்திப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. இரவில் இரகசியமாகச் சோதனை நடத்தினார்கள். அகற்ற வழியில்லை என்று தெரிந்துகொண்டார்கள். சாதாரண ஜனங்களுக்கோ, கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தாலும், அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

22 நாட்கள் இப்படிப் போயின. பிறகு கதை சொல்பவனின் அன்புக்குரியவர் நார்வே நாட்டிலிருந்து திரும்பி வருகிறார். இது உன்னுடையதா என்று கேட்கிறார். ஆம் என்கிறான். நீ இல்லாத தவிப்பும் தாபமும்தான் இப்படி வெளிப்பட்டது. நீ வந்துவிட்டாய், இனி இது தேவையில்லை என்கிறான். காற்று இறங்கிய துணியை லாரிகளில் ஏற்றி மேற்கு வர்ஜீனியாவுக்கு அனுப்பிக் கிடங்கில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு துக்க காலத்துக்கு ஆகும் என்று!

இந்த முடிவையே ஒரு கேலி என்று கொள்வாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் கேலிக்குள்ளும் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு தனி மனிதனின் தனிமை, அவன் நினைக்காமலே, ஆயிரக்கணக்கானவர்களுக்குத் துணையாக மாறியது. கட்டம் கட்டமாகக் கோடு கிழித்த தெருக்கள் கொண்ட ஊர் அது. அங்கே மனிதன் தன் கோட்டிலேயே போய்த் தன் கோட்டிலேயே வருகிறான். அவனுக்கு அந்த உருமாறும் பலூன் சற்றே வழி தவறிப் போகும் சுகத்தைக் கொடுத்தது. வழி தவறியவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தான்.

அந்தத் தனிமை எங்கிருந்து வந்தது? கதையிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. சிக்கலான இயந்திரங்களின் ஆதிக்கம் வளர்ந்துவிட்டது. மனிதன் ஒரே வேலையைப் பயின்று அதற்கே ஆயுள் முழுவதும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே மேலும் பலர் திகைத்துப் போய் இப்படிப்பட்ட பலூன்களை நாடுவார்கள் என்கிறான் கதை சொல்பவன். மார்க்ஸ் 1844-ல் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில் அந்நியமாதலைப் பற்றிச் சொன்னார். உழைப்பாளி தான் செய்த பொருளிலிருந்தும், செய்யும் வேலையிலிருந்தும் அந்நியமாகிறான். கடைசியில் சக மனிதனிடமிருந்தும் அந்நியமாகிறான் என்றார். பார்தெல்மே மார்க்சியவாதி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கண்ணிலும் அதே காயம் பட்டிருக்கிறது என்கிறேன்.

இன்னோர் இடம். பலூன் மேல் ஏதேனும் விளம்பர வாசகம் எழுதியிருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள் என்கிறான். ஆனால் அப்படி எழுத அவனுக்கு மனம் வரவில்லை. விற்பனைக்கு இல்லாத ஒரு பொருள் ஊருக்கு நடுவில் இருப்பதே அந்தச் சமுதாயத்துக்குப் புதிர். எவ்வளவு கூர்மையான அடி, பாருங்கள்!

சரி, குறை எங்கே? முடிவில்தான். அவன் தனிமை தீர்ந்தது, பலூனைச் சுருட்டிக்கொண்டான். விளக்குக் கட்டியவர்களையும் குதித்த பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் கீழே சந்தித்தவர்கள் மறுநாள் எங்கே சந்தித்தார்கள்? கதை சொல்லவில்லை. தோழமைக்கு ஒருவன் சொந்தக்காரனாக இருந்தால், அவன் நினைத்த நாளில் அது கிடங்குக்குப் போய்விடும். மக்கள் சேர்ந்து எழுப்பியதைத்தான் மக்கள் காப்பாற்ற முடியும்.

இதோடு முடித்திருந்தால், அந்த எழுத்தாளரைத் திருத்திவிட்டோம் என்ற திருப்தியோடு நாம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இக்கதையைப் படித்த நாலாவது இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்மோடு ஒரு தோழர் இருந்தார். பெயர் வேண்டாம். மனைவி இறந்த பிறகு மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். எதற்கு? சந்தா பாக்கி வசூலிக்க! பணத்தை எண்ணிக் கொடுத்தார். "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க தோழர்" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிச் சைக்கிளை மிதித்துவிட்டேன். சில மாதங்களில் அவர் ஊரை விட்டே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ரசீது சரியாகத்தான் எழுதினேன், தோழர்களே. ஆனால் அந்தக் காபிதான் அவர் ஊதிய பலூன் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

தனிமை என்பது வசதி படைத்தவனின் வியாதி என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். அது தவறு. அந்தக் கதையில் இருப்பவன் ஊரையே மூடும் அளவுக்குப் பலூன் ஊத வசதி உள்ளவன். நம் மக்களின் தனிமை ஒரு தம்ளர் அளவில்தான் வெளியே வரும். கவனித்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

இளம் தோழரே, உமது கேள்விக்கு இதுதான் என் பதில். கதை தீர்வு சொல்லவில்லை. ஆனால் யாரிடம் நான் உட்காராமல் வந்துவிட்டேன் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தியது. அந்த மகள் வீட்டு விலாசத்தை விசாரித்து வாங்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இம்முறை ரசீதுப் புத்தகம் கொண்டு போகவில்லை.