உத்தரவு மேலேயிருந்து வருதாம்! மேலே யார்?

(இராஜபாளையத்தில் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதல்ல எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். 1980களில் எங்க அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருந்தது. நிலம் எடுக்கப்போறதா ஒரு நோட்டீஸ் வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மடிச்சு மரப்பெட்டியில வச்சிட்டார். அப்போது இருந்த 1894ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டப்படி ஆட்சேபணை சொல்ல முப்பது நாள்தான் கெடு. நாங்க ஆபீசுக்குப் போனது நாற்பதாம் நாள். அங்கே இருந்தவர், "மேலேயிருந்து உத்தரவு, நாங்க என்ன செய்ய?" என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வரும் வழியில் அப்பா கேட்டார்: "மேலேன்னா யாருடா?" எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு உங்க முன்னால நிற்கிறேன்.

வி.ஏ.ஓ.வைக் கேட்டால் தாசில்தாரைக் காட்டுவார். தாசில்தார் கலெக்டரைக் காட்டுவார். கலெக்டர் ஆபீஸ் சென்னையைக் காட்டும், சென்னை டெல்லியைக் காட்டும். டெல்லிக்கு மேலே யார்? 1950 ஜனவரி 26 முதல் டெல்லிக்கும் மேலே இருப்பது அரசியல் சட்டம். பிரதமரானாலும் முதலமைச்சரானாலும் நீதிபதியானாலும் அதன் பேரில் உறுதி எடுத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார முடியும். அந்தச் சட்டத்துக்கு மேலே? அதன் முகப்புரையே மக்களின் பெயரில்தான் தொடங்குகிறது. அப்படியானால் மேலே இருப்பது நாமதான்! அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தவர் நம்ம ஊர் பி.எஸ்.குமாரசாமி ராஜா என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

அதிகாரத்தை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விவசாயம், நிலம், தண்ணீர் மாநிலப் பட்டியல். தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியல். நிலம் கையகப்படுத்துதல் இரண்டு பேருக்கும் பொதுப் பட்டியல். காடும் காட்டு விலங்கும் முன்பு மாநிலத்திடம் இருந்தன. 1976இல் 42ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டன.

இது பள்ளிக்கூடப் பாடமில்லை, நம்ம பிழைப்பு. மலையடிவாரத்தில் யானை இறங்கித் தென்னையைச் சாய்க்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு மத்திய சட்டம், மாநில வனத்துறை இரண்டையும் கேட்டாக வேண்டும். செண்பகவல்லி தடுப்பணை உடைப்பைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்? அது கேரள எல்லைக்குள் இருக்கிறது. நம்ம கலெக்டரிடம் மட்டும் மனு கொடுத்தால் வேலை நடக்காது. இரண்டு மாநில அரசும் பேசி முடிக்க வேண்டிய காரியம் அது. தப்பான கதவைத் தட்டியே நம்ம தலைமுறை ஓய்ந்து போச்சு!

சொத்துரிமை எங்கே போனது?

ஆரம்பத்தில் சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமை. அதை வைத்துக்கொண்டு ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பீகார் ஜமீன் ஒழிப்புச் சட்டம் செல்லாது என்று 1951இல் பாட்னா ஐகோர்ட்டு சொன்னது. உழுதவனுக்கு நிலம் சேர வேண்டும் என்று அதே வருஷம் முதல் திருத்தம் வந்தது. அப்படிப் படிப்படியாகத் தளர்த்தி, 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்தே எடுத்துவிட்டது. ஜமீனைக் கட்டத் திரித்த கயிறு இன்றைக்கு ஒரு ஏக்கர்க்காரன் கழுத்தில் விழுகிறது!

ஆனால் உரிமை செத்துவிடவில்லை. 300ஏ என்ற பிரிவு இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குள் ஏழு உரிமை இருப்பதாக விளக்கியது. விரலை மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள்:

1. நிலம் எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டி நோட்டீஸ்.
2. ஆட்சேபணையைக் காது கொடுத்துக் கேட்பது.
3. காரணம் சொல்லி முடிவு எடுப்பது.
4. பொதுக் காரியத்துக்கு மட்டுமே எடுப்பது.
5. நியாயமான இழப்பீடு.
6. இழுத்தடிக்காமல் காலத்தில் நடத்துவது.
7. எடுத்த காரியத்தை முறையாக முடிப்பது.

இதில் ஒன்று குறைந்தாலும் நாம் கேள்வி கேட்கலாம். 226ஆவது பிரிவின்படி மதுரை ஐகோர்ட்டுக் கிளையில் ரிட் போடலாம்.

ஆனால் கெடு முக்கியம்! திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த மாதிரிச் சாலைக்கு 1956ஆம் வருஷச் சட்டப்படி ஆட்சேபணை சொல்ல இருபத்தொரே நாள்தான். கெசட் அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து எண்ணுங்கள். நோட்டீஸ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் எங்க அப்பா கதைதான்.

கோர்ட்டு மட்டும் போதுமா?

போதாது. 2013இல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. தனியார் திட்டமென்றால் எண்பது சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்றது. தமிழக அரசு நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலம் ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு எடுத்துக்கொண்டது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால் அந்த மூன்றும் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நாம் சந்தோஷப்பட்டோம். அதே மாதம் சட்டசபை வேறொரு சட்டம் போட்டு, ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கி மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021இல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. கோர்ட்டில் ஜெயித்ததைச் சட்டசபையில் இழந்தோம்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 2020இல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. சுப்ரீம் கோர்ட்டு 2021 ஜனவரியில் நிறுத்தி வைத்ததே தவிர, ரத்து செய்யவில்லை. டெல்லி எல்லையில் பனியிலும் வெயிலிலும் ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகளால்தான் 2021 நவம்பரில் பார்லிமெண்டே அவற்றை வாபஸ் வாங்கியது. ஆயுதமில்லாமல் கூடவும், பேசவும், சங்கம் வைக்கவும் 19ஆவது பிரிவு கொடுத்த உரிமையின் பலம் அது. நம்ம தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த மூன்று விவசாயிகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1990இல் பம்புசெட்டு எல்லாவற்றுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததா? இல்லை!

ஆகவே தோழர்களே, வீட்டுக்குப் போனதும் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்துப் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். செத்துப்போன தாத்தா பெயரில் பட்டா இருந்தால் நோட்டீஸும் தாத்தாவுக்குத்தான் வரும்! மனு எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குக் கூட்டமாகப் போய்த் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் மட்டும் நிலத்தைக் காப்பாற்றிவிடாது. ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் நமக்குச் சாட்சி அதுதான்.

நமது கோரிக்கைகள்:

* நில எடுப்பு அறிவிப்பைச் சர்வே எண்ணோடு தமிழில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டு!
* ஆட்சேபணை விசாரணையை அந்தந்தக் கிராமத்திலேயே நடத்து!
* மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலத்துக்கும் சமூகத் தாக்க ஆய்வு நடத்து!
* யானை, பன்றி அழித்த பயிருக்குக் காலக்கெடு வைத்து இழப்பீடு கொடு!
* செண்பகவல்லி உடைப்பைச் சரிசெய்ய இரு மாநிலப் பேச்சுவார்த்தை நடத்து!

எங்க அப்பா இன்று உயிரோடு இல்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. இனி யாராவது "மேலேயிருந்து உத்தரவு" என்று சொன்னால், "ஐயா, அந்த மேலே இருக்கிறவர்கள் நாங்கதான், காகிதத்தைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! நிலம் காப்போம்!