பழைய வண்டிக்குப் புதிய கம்பி



1948இல் அறிமுகமான இங்கிலாந்தின் லேண்ட்ரோவர், காடும் மேடும் கடந்த வண்டி. அதன் தொடக்ககால மின்கம்பிகளின் உறை, பல்லாண்டு வெயிலிலும் ஈரத்திலும் இற்றுச் செம்பு வெளிப்படும். பல சுற்றுகளுக்கு ஃபியூஸும் கிடையாது. ஒரு கம்பி இரும்புச் சட்டத்தில் உரசினால் வண்டியே எரியக்கூடும். ஆதலால் ஆர்வலர் பலர், சுற்றுதோறும் தனி ஃபியூஸ் அமைந்த ஆயத்த வயரிங் தொகுப்பை வாங்கிப் பூட்டுகின்றனர்.

ஆயினும் புதுக்கம்பி மட்டும் விளக்கை எரியவிடாது. மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, வண்டியின் பழைய உடலே. அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் பொருந்துமிடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பேறி அவ்வழி அடைபடும். அவ்விடத்தைச் சுரண்டித் துலக்கி, எர்த் கம்பியை இறுக முடுக்கிய பின்னரே புதிய தொகுப்பு பயன்தரும்.

மரபில் புதுமை சேர்க்க விழையும் கவிஞர்களும் இப்பணியின் வரிசையை எண்ணிப் பார்க்கலாம்.