வீண்செலவு என்ற சொல்லும் ஒரு மோட்டார் சைக்கிளும்

புலம்பெயர் எழுத்தில் வரும் பொருட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் கதைகளில் வரும் பொருட்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: சூட்கேஸ், குளிர்கோட்டு, தொலைபேசி அட்டை, உணவகத்தில் கோப்பை கழுவும் மெஷின். நான் படித்த கதைகளில் இதுவரை வராத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் வைத்து ஒருவர் தன் கையால் அழகுபடுத்திய குரூசர் மோட்டார் சைக்கிள்.

குரூசர் என்றால் ஹார்லி டேவிட்சன் மாதிரி. தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹாண்டில், கால்களை முன்னால் நீட்டி வைத்து ஓட்டும் வண்டி. வேகம் அதன் நோக்கம் கிடையாது. பார்க்கவும் பார்க்கப்படவும் செய்த வண்டி அது. அதனால்தான் வாங்கியவர்கள் அதை வாங்கியபடியே விட்டுவைப்பதில்லை.

சுவிஸில் இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2018இல் நகைக்கடை நிறுவனமான புகெரரும் பியூண்ட்னர்பைக் என்ற பட்டறையும் சேர்ந்து ஒரு ஹார்லியை நீல நிறத்தில் உருவாக்கி சூரிச்சில் காட்டினார்கள். ‘புளூ எடிஷன்’ என்று பெயர். 2500 மணிநேர வேலை. வைரக்கற்கள், பெற்றோல் டாங்குக்குள் கண்ணாடிக்குக் கீழே ஒரு கைக்கடிகாரம். விலை 18 லட்சத்து 88 ஆயிரம் பிராங். அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. காசு இருந்தால் செய்யலாம்.

எனக்குச் சொல்ல இருப்பது பேர்ன் மாநிலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் வண்டி பற்றி. இங்கே பிறந்தவன். மின்சார வேலை செய்கிறான். பழைய யமஹா டிராக்ஸ்டார் 650 ஒன்றைக் கைமாற்றாக வாங்கினான். காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் எஞ்சின், செயின் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட். உறுதியான வண்டி, ஆனால் பலர் கை பட்டு மங்கியிருந்தது. அடுக்குமாடி வீட்டின் நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் பெயின்ற் அடிக்க யார் விடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் மெஷினே போடக் கூடாத நாடு இது. ஒரு விவசாயியின் பழைய கொட்டகையை மாத வாடகைக்குப் பிடித்தான்.

ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேதான். டாங்கைக் கழற்றி, பெற்றோலை வடித்து, பழைய பெயின்றைத் தண்ணீர் போட்டு மண்தாளால் தேய்த்தான். முதலில் 400, பிறகு 600, பிறகு 800. தேய்ப்புத்தான் வேலையின் முக்கால் பங்கு என்று அவன் சொல்வான். விரல் நுனியைக் கண்மூடித் தடவினால் ஒரு கீறல்கூடத் தட்டுப்படக் கூடாதாம். பின்மட்காட்டைக் குட்டையாக்கினான். இருக்கைக்குப் பழுப்புத் தோல் தைத்தான், ஊசி விரலில் ஏறியதற்கு நான்தான் கட்டுப்போட்டேன்.

நான் தாதி என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், மன்னியுங்கள். மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சில் இரண்டு கூறு வகை ஒன்று உண்டு. அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. ஆஸ்துமாவை வேலையிடத்தில் உண்டாக்கும் பொருட்களில் முன்வரிசையில் இருப்பது அது. நுரையீரல் ஒருமுறை அதற்குப் பகையாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு போதும், மூச்சு இழுக்கத் தொடங்கும். கோவிட் காலத்தில் மிஞ்சிய வெள்ளை முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. தொழில்முறையில் அடிப்பவர்கள் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி போடுகிறார்கள். தம்பிக்கு இதைச் சொன்னேன். நிறத்தைத் தான் அடித்துக்கொண்டு, கடைசிப் பூச்சை மட்டும் ஒரு கார் பெயின்ற் பட்டறைக்குக் கொடுத்தான். இன்னொன்று, பெற்றோல் வடித்த வெறும் டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்து. உள்ளே நிற்பது ஆவி. ஒரு பொறி போதும்.

இனி சட்டம். இந்த நாட்டில் உங்கள் வண்டி முழுக்க உங்களுடையது கிடையாது. ஹாண்டிலை மாற்றினால், சைலன்சரை மாற்றினால், அந்தப் பாகத்துக்கு அங்கீகாரப் பத்திரம் வேண்டும், அல்லது மாநில வாகன அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எம்.எஃப்.கா. என்று எல்லோரும் பெருமூச்சோடு சொல்லும் பரிசோதனை அது. வாகனப் பத்திரத்தில் நிறத்துக்கும் ஓர் இடம் உண்டு. இதைச் சிலர் தொல்லை என்பார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது: அங்கீகாரம் இல்லாத சைலன்சரின் சத்தம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தில் கை வைக்கிறது. டாங்கின் நிறம் யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை.

ஆனால் தம்பியின் வீட்டில் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நிறம்தான். அவனுடைய அப்பா முப்பது வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறையில் நின்றவர். என்னிடம் ஒருநாள் சொன்னார்: “பாருங்கோ பிள்ளை, இவன் தோலுக்கும் பெயின்றுக்கும் போட்ட காசுக்கு ஊரிலை ஒரு கிணறு வெட்டியிருக்கலாம். வீண்செலவு.”

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பெத்தானியா ஞாபகம் வந்தது. வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை வெள்ளைக்கல் பரணியோடு கொண்டுவந்து இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். சுற்றி இருந்தவர்கள் கோபப்படுகிறார்கள். 300 தெனாரியத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறார்கள். ஒரு கூலியாள் ஏறக்குறைய ஒரு வருடம் உழைத்தால் கிடைக்கும் காசு அது. யோவான் எழுதியதில் அதைக் கேட்பவன் யூதாஸ், அதனால் அந்தக் கேள்வியையே நாம் கெட்ட கேள்வியாக்கிவிட்டோம். மத்தேயுவில் சீடர்கள் கேட்கிறார்கள், நல்ல மனிதர்கள். இயேசு ஏழைகளை மறக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்கிறார், அவ்வளவுதான். அந்த அப்பாவின் கேள்வியும் நல்ல மனிதரின் கேள்வி. அவர் சம்பளத்தில் ஊரில் எத்தனை வீட்டுக்குக் கூரை ஏறியது என்று எனக்குத் தெரியும்.

அவர் தலைமுறைக்கு வண்டியை மாற்றியமைப்பது என்றால் வேறு அர்த்தம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை, கண் எரியும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அந்தக் கைகளின் கெட்டித்தனத்தைப் பற்றி நம் எழுத்தில் நிறையவே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அங்கே மாற்றம் எல்லாம் தேவைக்காக. அழகுக்காக என்று சொன்னால் வெட்கமாக இருந்தது.

எப்போதும் அப்படி இருந்ததா? அந்த அப்பா கரையோரத்து ஆள். குருநகர், பாஷையூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வள்ளங்களின் பக்கங்களில் மாதாவின் பெயரும் அந்தோனியாரின் பெயரும் நிறநிறமாய் எழுதியிருக்கும். எழுத்தைச் சுற்றிக் கோடு, பூ. அந்தப் பூ இல்லாவிட்டாலும் மீன் படும். கடன்பட்டு வாங்கிய வள்ளத்துக்கும் பூப் போட்டார்கள். ஆக, அழகை வீண்செலவு என்று எண்ணும் பழக்கம் நம் ஏழ்மையில் பிறந்தது என்று நான் நம்பவில்லை. போரும், பிறகு மாதாமாதம் காசு அனுப்பிய வருடங்களும் சேர்ந்து பழக்கியது.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. டாங்க் கிறீம் நிறத்தில் முடிந்து, பக்கவாட்டில் பச்சைக் கோடு போடும் கட்டத்தில் தம்பிக்குக் கோடு நேராக வரவில்லை. மூன்று தரம் துடைத்தான். சாப்பாடு கொண்டுபோன அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். “தள்ளு” என்று சொல்லித் தூரிகையை வாங்கி, சின்னவிரலை டாங்கில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். சின்ன வயதில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதியவர் என்பது மகனுக்கு அன்றுதான் தெரியும். கிணற்றுக் கதையை அதன்பிறகும் அவர் விடவில்லை.

இலக்கியக் கூட்டம் என்பதால் இரண்டு படைப்புகளைச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’, 1974. அதில் நண்பரின் பி.எம்.டபிள்யூ. ஹாண்டில் வழுக்குகிறது. பழைய பியர் கானின் தகரத்தை வெட்டி இடையில் வைத்தால் சரியாகும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் அந்தத் தகரத்தின் பக்கம்தான் நிற்பார்கள். ஆனால் வெளிப்பூச்சான அலங்காரத்தில் பிர்சிக்குக்கு நம்பிக்கை இல்லை. அங்கே நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. 800 மண்தாளைப் பிடித்து ஒரு மாதம் தேய்த்தவன் செய்வதும் அவர் சொல்லும் அதே கவனம்தான்.

மற்றது ‘ஈஸி ரைடர்’ படம், 1969. அதில் பீட்டர் ஃபோண்டா ஓட்டும் வண்டி, டாங்கில் அமெரிக்கக் கொடி வரைந்தது, உலகத்திலேயே பிரபலமான மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். அதை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் இல்லை. பல ஆண்டுகள் கழித்தே அவர்கள் பெயர் பரவலாகத் தெரியவந்தது. வாஸ் குடியுரிமைப் போராட்டத்தில் இருந்தவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வருகிற மே மாதம் தம்பி டியூபென்டோர்ஃப் விமான தளத்துக்குப் போகிறான். 1993இலிருந்து அங்கே லவ் ரைட் என்று ஒரு நாள் நடக்கிறது. தசைநோய் உள்ளவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பக்கப்பெட்டி வண்டிகளிலும் மூன்று சக்கர வண்டிகளிலும் ஏற்றி, குரூசர்கள் கூட்டமாக ஓடும். அவர்களுக்காகக் காசும் சேரும். தசைநோய் நோயாளிகளைப் பராமரித்திருக்கிறேன். மளமளப்பான எதையும் கண்டால் அவர்களில் சிலர் முதலில் கேட்பது, தொட்டுப் பார்க்கலாமா என்று.

நேரம் ஆகிவிட்டது. முகமூடி பற்றி அரட்டைப் பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.